பதினாறில் ஒரு தையல்

சின்னவனுக்கு அந்த வருஷம் நாற்பத்தொரு வயது. மீசையில் பாதி நரைத்துவிட்டது. நாள் முழுக்க நின்று நின்று சாயங்காலமானால் முழங்கால் வீங்கும். இருந்தாலும் அவன் சின்னவன்தான். சலூனுக்கு வருகிறவர்கள் அண்ணனைப் பெரியவர் என்று கூப்பிட்டார்கள். தம்பிக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பெயர்தான்.

கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில் இருப்பது பெரியவருடையது. கழுவுதொட்டியை ஒட்டி, ஒரு பக்கம் சாய்ந்து, திருப்பினால் முனகுகிற நாற்காலியில்தான் சின்னவனுக்கு வேலை. அதைக்கூட அவனுடையது என்று சொல்லிவிட முடியாது. கடை அப்பா வைத்தது. மூத்தவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சின்னவன் அண்ணன் வீட்டு முன்னறையில் படுத்து, அண்ணி போட்ட சோற்றைத் தின்று, அண்ணன் கடையில் வேலை செய்தான். கல்யாணம் ஆகவில்லை. ஒரு முறை பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது பெரியவர் அவர்களை உட்காரவைத்து, "தங்கமான பையன். என்ன, தங்கம் மாதிரியே அவனும் பீரோவுலதான் இருப்பான். வெளிய எடுத்தா ஒண்ணுக்கும் ஆகமாட்டான்" என்றார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். அப்புறம் வரவில்லை.

பெரியவர் கத்தியைவிட நாக்குக்குத்தான் அதிகம் சாணை பிடிப்பார் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அதைக் கேட்பதற்கென்றே சிலர் வந்தார்கள். முடி வெட்டிக்கொண்டு, சின்னவன் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒரு திருப்தி.

கண் போனதும் பேச்சு வாக்கில்தான். பிளேடைக் காகித உறையோடு பாதியாக ஒடித்துக் கத்தியில் செருக வேண்டும். முப்பது வருஷமாகப் பெரியவர் அப்படித்தான் ஒடித்தார். அன்றைக்கு யாரையோ நக்கல் செய்துகொண்டே உறையைப் பிரித்துவிட்டு வெறும் பிளேடை ஒடித்தார். எள்ளளவு துணுக்கு ஒன்று தெறித்து வலது கண்ணில் ஏறியது. இடது கண் பிறவியிலேயே பேருக்குத்தான். எதிரே ஆள் நடந்தால் நிழலாடுவது தெரியும், அவ்வளவே. துணுக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் புண் சீழ் வைத்து, மெல்ல ஆறும்போது கருவிழி மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை படர்ந்துவிட்டது.

அதன் பிறகு ஒன்றேகால் வருஷம் பெரியவர் வாசலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்வைதான் போயிற்றே தவிர காது இருந்தது. சின்னவன் கத்தரி போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். "என்னடா அது, எலி கரண்டுற மாதிரி. சார், வீட்டுக்குப் போனதும் தொப்பி போட்டுக்கங்க" என்பார். ஆனாலும் வந்தவர்கள் வேறு வழியில்லாமல் சின்னவன் கையில் தலையைக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அவன் கை அண்ணன் கையைவிட மெத்தென்றிருக்கிறது என்று. சிலர், "நீயே வெட்டு, உனக்கு என் சுழி தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஜன்னலோர நாற்காலியில் நின்று வெட்டும்போது சின்னவன் நிமிர்ந்து நின்றான். அதை அவனே கண்ணாடியில் பார்த்தான்.

எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்மாள் அந்தக் காலத்தில்தான் அவனோடு பேச ஆரம்பித்தாள். புருஷனை விட்டு வந்து ஆறு வருஷம் ஆனவள். மின்சாரம் போனால் மிஷின் நிற்கும், இருவரும் அவரவர் வாசலில் நின்று தெருவின் மேலாகப் பேசிக்கொள்வார்கள். பேச்சில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. கரண்ட் எப்போது வரும், மழை வருமா, முழங்காலுக்கு என்ன தடவுகிறீர்கள். ஒரு நாள் அவள் தெருவைத் தாண்டி வந்து ஒரு தைலப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவன் மூன்று பேருக்குத் தலை துவட்ட மறந்தான்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ செத்துப்போனவருடைய கருவிழி கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. புதுக் கருவிழியைச் சுற்றிப் பதினாறு தையல். தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு நைலான் நூல். ஒவ்வொன்றாகத்தான் எடுப்போம், எல்லாம் எடுத்து முடிய வருஷக்கணக்காகும் என்றார் டாக்டர். வீட்டில் மருந்து விடப்போவது யார் என்று நர்ஸம்மா கேட்டபோது அண்ணி, "எனக்குக் கை நடுங்கும், தம்பி விடட்டும்" என்றாள். நர்ஸம்மா கண்டிப்பானவள். சின்னவனைத் தனியே உட்காரவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரல் மடக்கிச் சொல்லச் சொன்னாள்.

"சொல்லுங்க. சிவப்பு."

"சிவப்பு. வலி. மங்கல். வெளிச்சம் கூசுறது."

"இதுல ஒண்ணு வந்தாலும்?"

"அன்னைக்கே கூட்டிட்டு வரணும்."

"அஞ்சாவது. தையல் சில சமயம் தளரும், இல்ல அறும். நூல் முனை தூக்கிக்கிட்டு நிக்கும். முடி விழுந்த மாதிரி உறுத்தும். கை வைக்கவே கூடாது. வெளிய நிக்கற நூல்ல கிருமி ஒட்டியிருக்கும். கண்டபடி இழுத்தா அந்தக் கிருமியைக் கண்ணுக்குள்ள இழுத்துவிட்ட மாதிரி. அதை வெட்டி எடுக்க எங்களுக்கே ஒரு முறை இருக்கு. புரிஞ்சுதா?"

"நான் கத்தி பிடிக்கறவன்மா. எங்க தொடலாம், எங்க தொடக்கூடாதுன்னு தெரியும்."

"விடற மருந்தால வலி சில சமயம் தெரியாமலே இருக்கும். அதனால வலிக்கலைங்கறாரேன்னு விட்டுடாதீங்க. நீங்கதான் கிட்டத்துல பாக்கப்போறவர்" என்றாள் நர்ஸம்மா.

கட்டுப் பிரித்த அன்று பெரியவர் முதலில் பார்த்தது தம்பி முகத்தைத்தான். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்னடா, கிழவனாயிட்ட? நான் குருடா இருந்த நேரத்துல நீ எதுக்குடா நரைச்ச?" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். சின்னவனும் சிரித்தான்.

ஐந்தாம் மாதம் பெரியவர் ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். பார்வை வந்திருந்தது என்றாலும் தையல்கள் இழுத்துப் பிடிப்பதில் நேர்க்கோடெல்லாம் கோணலாகத் தெரிந்தது. போகப் போகச் சரியாகும், அதுவரை கத்தி எடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்கிற ஆளா அவர்? ஒரு தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கிருதாவை அரை விரல் ஏற்றி வெட்டிவிட்டு, "டேய் சின்னவனே, நாற்காலியை ஏண்டா ஆட்டின?" என்றார். சின்னவன் அந்த நேரம் வாசலில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் அடுத்த முறை வந்தபோது பேசாமல் சின்னவனின் சாய்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். ஜன்னலோர நாற்காலி சில நாள் மத்தியானம் வரை காலியாகக் கிடந்தது.

அதற்கெல்லாம் சேர்த்துத்தான் பெரியவர் வட்டி வாங்கினார். இப்போது அவருக்குப் பார்வையும் இருந்தது; எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துக் குத்தினார். ஜெராக்ஸ் கடை அம்மாள் ஒரு நாள் ஏதோ கேட்க வாசல் வரை வந்தாள். கடையில் ஆறேழு பேர். பெரியவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "வாங்கம்மா. நம்ம ஆளைப் பாக்க வந்தீங்களா? நல்லாப் பாத்துக்கங்க. நிக்கற இடம் என்னோடது, பிடிக்கற சீப்பு என்னோடது, படுக்கற பாய் என்னோடது. இவனுக்குன்னு சொந்தமா இருக்கறது தும்மல் ஒண்ணுதான். அதையும் என் துண்டுலதான் தும்முவான்" என்றார்.

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. அவள் சின்னவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் குனிந்து தரையில் கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தான். அவள் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு கரண்ட் போனாலும் அவள் வாசலுக்கு வருவதில்லை. உள்ளேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பது இங்கிருந்து தெரிந்தது.

இது நடந்து பத்து நாள் இருக்கும். அறுவை நடந்து பதினோரு மாதம். தையலில் ஐந்தை டாக்டர் எடுத்திருந்தார், இன்னும் பதினொன்று இருந்தன.

அன்று சனிக்கிழமை. கடை திறந்ததும் அண்ணனுக்குச் சவரம் செய்வது சின்னவனின் முதல் வேலை. நாற்காலியைச் சாய்த்து, மோவாயைத் தூக்கிப் பிடித்தபோது ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது. கருவிழியின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்பு முனை. கடுகின் கால் அளவு இருக்கும், விறைத்துக்கொண்டு நின்றது. அதன் நுனியில் பூளை ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் வெள்ளை விழியில் இரண்டு சிவப்பு நரம்புகள்.

சின்னவன் கத்தியை எடுத்துவிட்டான்.

"அண்ணே, தையல் ஒண்ணு விட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உறுத்திக்கிட்டேதான் இருக்கு நேத்துலேந்து. முடி விழுந்திருக்கும்."

"முடி இல்லண்ணே. நூல். நர்ஸம்மா சொன்னாங்க, அன்னைக்கே வரணும்னு."

"சனிக்கிழமை கடையைப் போட்டுட்டு ஆஸ்பத்திரியில போய் வரிசையில நிக்கச் சொல்றியா? நான் போனா ஜன்னல் நாற்காலியில நீ நின்னுக்கலாம்னு பாக்கறியா?" என்றார் பெரியவர். "செவ்வாய்க்கிழமை எப்படியும் போகணும். அப்பப் பாத்துக்கலாம். நுரை வழியுது, வேலையைப் பாரு."

சின்னவன் வேலையைப் பார்த்தான். அவன் சொல்லவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுவரை அவன் பக்கம் குற்றமில்லை.

பதினொரு மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. இரண்டு நாற்காலியிலும் ஆள், பெஞ்சில் நாலு பேர். பெரியவர் கண்ணைக் கொட்டிக்கொண்டே வெட்டினார். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைத்தார், மறுபடி வழிந்தது. கடைசியில் சீப்பைப் பலகையில் வீசினார்.

"டேய், வாடா இங்க. நீ வெட்டுற லட்சணத்துக்குக் கடை முழுக்க முடி பறக்குது. கண்ணுல விழுந்த முடியை எடுத்து விடு."

"அண்ணே, அது முடி இல்லைன்னு காலையிலயே…"

"இங்க பாருங்கய்யா!" பெரியவர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "இருபது வருஷமா கத்தரி பிடிக்கறான். ஒரு முடிக்கும் ஒரு நூலுக்கும் வித்தியாசம் தெரியல. இவன்தான் உங்க தலையில கை வைக்கறான். ஏண்டா, எதிர்க்கடைக்காரி வந்து கண்ணை மூடிக்கிட்டு நின்னா இப்படித்தான் யோசிப்பியா? அவ புருஷனே தேவலைன்னு திரும்பிப் போயிருப்பா!"

பெஞ்சு சிரித்தது. சின்னவனின் நாற்காலியில் நுரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரும் சிரித்தார். அவனுக்கு என்று வந்தவர் அவர். அந்தச் சிரிப்புதான் சின்னவனை உள்ளே எங்கேயோ தொட்டது.

"தலையைச் சாயுங்கண்ணே" என்றான்.

புருவ முடி பிடுங்கும் இடுக்கி பலகையில் கிடந்தது. காலையிலிருந்து மூன்று பேருக்குப் பயன்படுத்தியது. பக்கத்திலேயே ஸ்பிரிட் புட்டி இருந்தது. சின்னவன் அதைப் பார்த்தான். இடுக்கியைத் தோளில் கிடந்த துண்டில் இரண்டு தரம் துடைத்தான். நர்ஸம்மா சொன்னது முழுக்க அவன் தலைக்குள் ஓடியது. ஒரு வார்த்தை குறையவில்லை. சிவப்பு, வலி, மங்கல், கூச்சம், ஐந்தாவது கை வைக்கவே கூடாது. கண்ணுக்குள்ள இழுத்துவிட்ட மாதிரி.

இடது கை விரல்களால் இமையை விரித்தான். முனை தெளிவாகத் தெரிந்தது. காலையில் பார்த்ததைவிடப் பூளை கூடியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"மேல பாருங்க. ஆடாதீங்க."

பிடித்தான். முடியாக இருந்தால் பட்டென்று வந்திருக்கும். இது வரவில்லை, மறுபாதி தசைக்குள் இருந்தது. மெல்ல, ஒரே சீராக இழுத்தான். பூளையில் கிடந்த இன்னொரு அறுந்த நுனி தைத்த துளைக்குள் நுழைந்து அழுக்கோடு இந்தப் பக்கம் வருகிறது என்பது அவன் விரல்களுக்குத் தெரிந்தது. சட்டென்று தடை விட்டது. வளைந்து முடிச்சோடு ஒரு துளி நூல் இடுக்கியின் நுனியில் நின்றது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் காதை நோக்கி ஓடியது.

அவன் இடுக்கியைத் துண்டில் தேய்த்துவிட்டான்.

பெரியவர் எழுந்து கண்ணைக் கொட்டினார். ஒரு தரம், இன்னொரு தரம். முகம் மலர்ந்தது.

"போயிடுச்சு! ஒரு உறுத்தல் இல்ல. டேய், எடுத்ததே தெரியலடா." தம்பியின் தோளில் தட்டினார். "சும்மா சொல்லக்கூடாது. நல்ல கை உனக்கு. அப்பா கை."

இருபது வருஷத்தில் அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் நெஞ்சில் இருந்த வன்மம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடலாம். அண்ணே, அது தையல்தான், வாங்க உடனே போகலாம் என்று சொன்னால் போதும். ஆட்டோவில் அரை மணி நேரம். ஆனால் சொன்னால் அந்த வார்த்தையைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் அவனை வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்திருந்தது. அண்ணி கேட்டதற்கு, "வலியே இல்ல, நேத்து முடி விழுந்து எடுத்தது, அதான்" என்றார் பெரியவர். சின்னவன் வழக்கம்போல் நாலு வேளையும் மருந்து விட்டான். கை நடுங்கவில்லை. சாயங்காலம் மருந்து விடும்போது, தையல் இருந்த இடத்தில் ரவை போல ஒரு வெள்ளைப் புள்ளி. சொல்ல வாயைத் திறந்தான். "என்னடா?" என்றார் பெரியவர். "ஒண்ணுமில்லண்ணே, மேல பாருங்க" என்றான்.

திங்கட்கிழமை காலை பெரியவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் விடியலையா?" என்று கேட்டார். ஜன்னல் திறந்திருந்தது. அண்ணி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு அலறினாள். கருவிழி முழுக்கப் பால் திரிந்தாற்போல் இருந்தது. அதற்குள் கீழ்ப்பாதியில் மஞ்சளாக ஒரு மட்டம் தேங்கி நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் பார்த்தார்.

"கீழ ஒரு தையலைக் காணோம். யார் எடுத்தது?"

"தையலா?" என்றார் பெரியவர். பிறகு சின்னவன் நிற்கும் திசை தெரியாமல் சுவரைப் பார்த்துக் கையை அசைத்தார். "தம்பி எடுத்தான் டாக்டர். நான் முடின்னு அதட்டினதும் முடின்னே நம்பிட்டான். நான்தான் எடுக்கச் சொன்னேன். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவனுக்கு என்ன தெரியும், விவரமில்லாதவன்."

நர்ஸம்மா ஊசி மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். அவள் சின்னவனைப் பார்த்தாள்.

"விவரமில்லாதவரா? விரல் விட்டு எண்ணிச் சொன்னாரே! அஞ்சாவது என்னன்னு இவர்கிட்ட நானே சொல்லி அனுப்பினேனே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். டாக்டர் அதற்குள் பெரியவரை உள்ளே அழைத்துப் போயிருந்தார். கேட்டது அண்ணி மட்டும்தான்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சின்னவனைப் பார்த்தபடி நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முடியும் நூலும் கிட்டத்தில் எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவனைத் தெரியும்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், இரண்டு முறை. மணிக்கு மணி மருந்து விட்டார்கள். புதுக் கருவிழி நாலாம் நாள் கரைய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள், இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை, விட்டால் தலைக்கு ஏறும் என்று சொல்லி, கண்ணையே எடுத்துவிட்டார்கள். பெரியவர் அன்றைக்கு மட்டும் அழுதார். அழுதது வலது பக்கமா இடது பக்கமா என்று கட்டுக்கு மேல் தெரியவில்லை.

வீடு திரும்பிய மறுநாள், பெரியவர் தூங்கும் நேரம் பார்த்து அண்ணி சமையலறைக்குச் சின்னவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவன் நிமிரவில்லை.

"ஆனா நீ இந்த வீட்டை விட்டு எங்கயும் போகமாட்டே. அவரைக் குளிப்பாட்டறது, கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் நீதான். அவர் என்ன பேசினாலும் கேட்டுக்குவே. எதிர்க்கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டே. படுத்தேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே அவர்கிட்ட சொல்லுவேன். அதுக்கப்புறம் அவர் உசுரோட இருப்பாரா, நீ இருப்பியான்னு எனக்குத் தெரியாது."

"சரி அண்ணி" என்றான்.

அப்படியே நடந்தான். ஜெராக்ஸ் கடை அம்மாள் சேதி கேட்டு மனசு இளகி, ஒரு மத்தியானம் தெருவைத் தாண்டி வந்தாள். பெரியவர் வீட்டில் இருந்த நேரம். "உங்க அண்ணன் பக்கத்துல இருக்கறதாலதான் நீங்க வாயைத் திறக்கலைன்னு நெனச்சேன். இப்பவும் ஒண்ணுமில்லையா?" என்று நேராகவே கேட்டாள். அவன் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே நின்றான். "கல்லுலகூட நார் உரிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மழைக்காலம் முடியும்போது கடையைக் கைமாற்றிவிட்டு வேறு ஊருக்கே போய்விட்டாள் என்று தெரிந்தது. புதிதாக வந்தவன் வாசலில் நிற்கிற ரகம் இல்லை.

கொடுமை அதுவல்ல. பெரியவர் திருந்திவிட்டார், அதுதான் கொடுமை. முழுக்கத் திருந்தவில்லை, வாய் இருந்தது; ஆனால் தம்பியைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "என் தம்பி கையில தலையைக் கொடுங்க, தூக்கம் வந்துடும். அன்னைக்கு என் கண்ணுல இருந்து எடுத்தான் பாருங்க, ஒரு துளி வலி இல்ல. அது தையல்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தானே சொன்னேன் முடின்னு. பாவம், இன்னும் மனசு விட்டுப் பேசமாட்டேங்கறான்." ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரிடம் சொல்வார். சின்னவன் ஏழெட்டு முறை கேட்பான். சில நாள் அவன் கத்தரி நடுவழியில் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுப்பா?" என்பார்.

எட்டு மாதம் பொறுத்தான். ஒரு புதன்கிழமை காலை, கடையில் யாரும் இல்லாத நேரம், அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். ஒரு கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்திருந்தான். பெரியவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி, "எனக்கு ஒரு பயமும் இல்லடா. கத்தி உன் கையில இருக்கு" என்றார்.

சின்னவன் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தான்.

"அண்ணே, அது நூல்னு எனக்குத் தெரியும்."

"எது?"

"அன்னைக்கு எடுத்தது. முடி இல்ல, தையல்னு தெரியும். காலையில நான்தானே சொன்னேன் உங்ககிட்ட. இழுத்தா கண்ணு போகும்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. ஸ்பிரிட் பக்கத்துலயே இருந்தது. துடைக்கல. தெரிஞ்சுதான் இழுத்தேன்."

பெரியவர் அசையவில்லை. நுரை ஒரு பக்கமாகச் சரிந்து கழுத்தில் இறங்கியது. சின்னவன் காத்திருந்தான். அடிப்பார், கத்துவார், கத்தியைப் பிடுங்குவார். எதுவானாலும் சரி, வரட்டும் என்று நின்றான். எட்டு மாதத்தில் அன்றுதான் அவன் மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

பெரியவரின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தான். பிறகு சத்தம் வந்தது. சிரிக்கிறார்.

"நீயா? தெரிஞ்சா?" மூச்சு வாங்கச் சிரித்தார். "டேய், கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னா மூடிவச்சுட்டு என்னைக் கூப்பிடுவே நீ. என் கண்ணைப் பிடுங்கற அளவுக்கு உனக்கு ஏதுடா தைரியம்? அது இருந்திருந்தா அன்னைக்கு அந்தப் பொம்பளை முன்னாடி ஒரு வார்த்தை பேசியிருப்பியே. தனிக்கடை வச்சிருப்பியே."

"அண்ணே, நிஜமா…"

"சும்மா இருடா. காலையில நூலுன்னே, நான் முடின்னு அதட்டினதும் நீயும் அப்படியே நம்பிட்டே. தெரியாம செஞ்சுட்டோமேன்னு உள்ளுக்குள்ள அரிச்சு அரிச்சு, இப்பத் தெரிஞ்சே செஞ்சதா நெனக்க ஆரம்பிச்சுட்டே. எனக்குத் தெரியாதா உன்னை? என் கையைப் பிடிச்சு வளர்ந்தவன்." துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார். "பெரிய கொலைகாரன் வந்துட்டான். நுரை காயுது, போடு."

சின்னவன் பிரஷை நனைத்து மறுபடி நுரை போட்டான். கழுத்தை மழித்தான். எங்கும் கீறவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சமையலறை நிலையில் கை வைத்து நின்றான்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அண்ணியின் கை நின்றது. "என்ன சொன்னார்?"

"நம்பல. சிரிச்சார்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வை இல்லை இது.

"அப்ப நான் சொன்னாலும் நம்பமாட்டார்."

"மாட்டார்."

"அப்ப நீ எங்க வேணாலும் போகலாம்" என்றாள் அண்ணி.

கூடத்தில் பெரியவர் தட்டைத் தடவிக்கொண்டு, "டேய் சின்னவனே, சாப்பிட வர்றியா இல்லையா?" என்று குரல் கொடுத்தார். அண்ணி மறுபடியும் கீரையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, தலையைத் தூக்காமல், "கண் குழிக்கு விடற மருந்து தீந்துபோச்சு. சாயங்காலத்துக்கு வேணும்" என்றாள்.

அலமாரியில் காலிப் புட்டி இருந்தது. சின்னவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே மருந்துக்கடைக்கு நடந்தான்.